கணிதத்தில் சாதாரண சித்தி

1

கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நவாஸும் நானும் திருகோணமலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். போன கிழமை அவன் அழைத்தான். பின்னால் யாரோ தகரம் இழுக்கிற சத்தம். அவனுடைய மகளுக்குப் பெறுபேறு வந்திருந்தது.

"மச்சான், மகள் எல்லாப் பாடத்திலயும் ஏ எடுத்திருக்கா. இங்கிலீஸ் மட்டும் காலை வாரிட்டு. உங்கட பக்கம் உள்ள நல்ல கெம்பஸ் ஒண்டுக்கு விண்ணப்பம் போடோணும் எண்டு நிக்கிறா. ஒரு பாடம் இப்பிடி இருந்தா எடுப்பாங்களா, இல்லாட்டி பார்த்த உடனே தூக்கிப் போட்டிருவாங்களா?"

"எனக்கு என்னடா தெரியும்? நான் பஸ் ஓடுறவன்."

"உன்ட மனிசி படிக்கப் போயிருக்கா எண்டு கேள்விப்பட்டன். அவக்கும் ஒரு பாடம் பிசகுதானே? எப்பிடி எடுத்தாங்க?"

தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடும். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் நவாஸ் கேட்ட கேள்விக்கான பதில் கொஞ்சம்தான் இருக்கிறது, மிச்சம் முழுவதும் என் மனைவியைப் பற்றியது என்று. அதனால் அவனுக்கு மட்டும் என்று இல்லாமல் ஊரில் இருக்கிற எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

என் மனைவி சுகந்தி தம்பலகாமத்தில் பிறந்தவள். நான் திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவரின் மகன். கலியாணம் கட்டி இங்கிலாந்துக்கு வந்து, இப்போது கொவென்ட்ரி நகரத்தில் இருக்கிறோம். ஆரணி என்று ஒரே மகள்.

சுகந்தி இங்குள்ள ஆஸ்பத்திரியின் மகப்பேற்று வார்டில் பல வருடமாக உதவியாளராக வேலை செய்தாள். கட்டில் விரிப்பு மாற்றுவது, தாய்மாரைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போவது, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் அழுகிற இளம் பெண்களின் பக்கத்தில் இருப்பது. பிரசவம் பார்க்கிற மிட்வைஃப்மார் வேறு. அவர்களுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் மிட்வைஃப் படிப்புக்குப் போடப்போறன்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நல்ல காலம், சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் படிப்புக்கு இருக்கிற இடங்கள் கொஞ்சம், கேட்டு நிற்கிறவர்கள் ஏராளம். பதினெட்டு வயதில் எல்லாப் பாடத்திலும் உச்சப் புள்ளி எடுத்த பிள்ளைகளையே திருப்பி அனுப்புகிறார்கள். சுகந்திக்கு நாற்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, ஊரில் அவள் பதினாறு வயதில் எடுத்த சாதாரண தரப் பரீட்சையில் தமிழ், விஞ்ஞானம், சமயம் மூன்றும் டி, அதாவது அந்தக் கால டிஸ்டிங்ஷன், மற்றவை எல்லாம் சி, கிரெடிட். கணிதம் மட்டும் எஸ். ஊரில் இருக்கிறவர்களுக்கு எஸ் என்றால் விளக்கத் தேவையில்லை. சாதாரண சித்தி. பெயில் இல்லை என்பதைத் தவிர அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லாத சித்தி.

3

ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிப் பிரிவுக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். என்னையும் கேட்கச் சொல்லி ஒலிபெருக்கியில் போட்டாள். இளம் குரலில் ஒரு பையன். சான்றிதழின் பிரதியைக் கணினியில் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டி டிஸ்டிங்ஷன், சி கிரெடிட், தெரிகிறது. இந்த எஸ் எதைக் குறிக்கிறது? சுப்பீரியரா?"

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். ஓம் என்று சொல் என்று தலையை ஆட்டினேன். சுகந்தி என்னைப் பார்த்தாள், பிறகு தொலைபேசியைப் பார்த்தாள்.

"இல்லை. சிம்பிள் பாஸ்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆகக் குறைஞ்ச பாஸ்."

பையன் நன்றி சொன்னான். அப்படியானால் அது போதாது, இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதுகிற ஜி.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சையை எழுதி ஒன்பதுக்குக் குறைந்தது நாலு எடுக்க வேண்டும் என்றான்.

தொலைபேசியை வைத்த பிறகு நான் சொன்னேன், "அந்தப் பெடியனே வழி காட்டினவன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"பிறகு நான் மருந்து அளக்கேக்க, இவ கணக்கில சுப்பீரியர் எண்டு நினைச்சு என்னைத் தனிய விட்டிடுவினம்," என்றாள். "அது வேண்டாம். நான் சோதினையை எழுதுறன்."

4

செப்டெம்பரில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மாணவர்களில் பாதிப் பேர் போன தடவை தவறவிட்ட பதினேழு வயதுப் பிள்ளைகள். முதல் நாள் வீட்டுக்கு வந்து கொப்பியைக் காட்டினாள். பன்னிரண்டு 'டேக் அவே' ஐந்து என்று ஆசிரியர் சொன்னாராம். இவளுக்கு ஞாபகம் வந்தது பொட்டலம் கட்டித் தருகிற சாப்பாட்டுக் கடைதான். அது கழித்தல் என்று விளங்குவதற்குள் ஆசிரியர் மூன்று கணக்குத் தாண்டிப் போய்விட்டார்.

"அம்மாவுக்குக் கணக்குத் தெரியும்," என்றாள் ஆரணி என்னிடம், ஆங்கிலத்தில். "கேள்வியின் பாஷைதான் தெரியாது."

ஆரணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளும் அந்த வருடம் அதே ஜி.சி.எஸ்.ஈ. எழுத இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பத்து வயதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அம்மா தன்னோடு ஒரே பரீட்சை எழுதுகிறாள் என்பதை அவள் சிநேகிதிகளிடம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். யாரும் அதைக் கதைக்கவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளாகவே மேசையைத் துடைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். சுகந்திக்கு ஒன்று விளங்க வேண்டுமானால் அதன் பெயர் தமிழில் வேண்டும். ஆரணிக்குத் தமிழ்ப் பெயர்கள் தெரியாது. அதனால் பாடம் இரண்டு பக்கமும் போனது.

"அம்மா, பின்னத்தில் கீழே இருக்கிற எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?"

"பகுதி."

"மேலே இருக்கிறது?"

"தொகுதி."

"அல்ஜிப்ரா?"

"அட்சரகணிதம்."

அந்தச் சொல்லை ஆரணியால் ஒரு தடவையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அச்சர என்று தொடங்கி இடையில் நின்றுவிடுவாள். ஒரு ஞாயிறு, சராசரி காண்கிற கணக்கு. சராசரிக்கு ஆங்கிலத்தில் 'மீன்' என்று பெயர். "ஃபைண்ட் த மீன்" என்று ஆரணி கேள்வியை வாசித்தாள்.

"மூதூர்க் கடற்கரைக்குப் போனா எடுக்கலாம்," என்றாள் சுகந்தி, கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல்.

ஆரணிக்கு அது விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். தமிழில் சொன்ன ஒரு பகிடியைத் தமிழிலேயே விளங்கிக்கொண்டு என் மகள் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதாக ஞாபகம் இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதிக்கு அந்தப் பகிடியைச் சொல்லப் போய், விளக்குவதற்காக அம்மாவின் பரீட்சையையும் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது என்னுடைய டியூஷன் நாட்கள் நினைவுக்கு வரும். நகரத்தில் இருந்த எங்களுக்கு டியூஷன் கொட்டில் நடந்து போகிற தூரம். மூதூர்ப் பெடியன்கள் குடாவைத் தாண்டி லோஞ்சில் வருவார்கள். தம்பலகாமத்துப் பிள்ளைகள் கண்டி வீதியில் ஒவ்வொரு இராணுவச் சென்றியிலும் சோதனைக்காக இறங்கி ஏறி வருவார்கள். வராத நாட்களில் அவர்களுடைய வாங்கு வெறுமையாகக் கிடக்கும். ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. சென்றியில் மறித்திருப்பார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்வோம்.

நவம்பரில் சுகந்தி பரீட்சை எழுதினாள். ஜனவரியில் பெறுபேறு வந்தது. மூன்று. ஒன்று போதவில்லை.

5

பெறுபேறு வந்த அதே கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அதில் உன்னைப் பற்றி எழுது, ஏன் இந்தப் படிப்பு என்று எழுது என்று ஒரு பகுதி உண்டு. இந்த நாட்டுப் பிள்ளைகள் அதற்காக மாதக் கணக்கில் மினக்கெடுவார்கள். எங்களிடம் அதற்கு ஒரு கதை தயாராக இருந்தது. இருந்தது என்று நானும் ஆரணியும் நினைத்தோம்.

சுகந்திக்குப் பதினாறு வயதில் நடந்தது. அவளுடைய அக்கா பரமேஸ்வரிக்குப் பிரசவ நோ கண்டது. அத்தான் சவூதியில். தாய் இல்லாத வீடு. தகப்பன் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி மகளை ஏற்றி, திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சுகந்தி கூடப் போனாள். பொழுது சாய்கிற நேரம் சென்றியில் நீண்ட வரிசை. பெட்டிக்குள்ளேயே பிள்ளை வரத் தொடங்கிவிட்டது. எதிர்ப்பக்க வரிசையில் கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாது, அதாவது மிட்வைஃப், சத்தம் கேட்டு வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "நீ டோர்ச்சைப் பிடி மகள், என்ட கையைப் பாரு, வேற ஒண்டையும் பாராத" என்று சுகந்தியிடம் சொன்னாராம். அந்தப் பெட்டியில் பிறந்த பையன் இப்போது சீனன்குடாவில் வேலை செய்கிறான், அவனுக்கே கலியாணம் பேசுகிறார்கள்.

"அம்மா, இதை எழுதினால் அவர்களால் உங்களை மறுக்க முடியாது," என்றாள் ஆரணி.

"அது அக்காவின்ர கதை," என்றாள் சுகந்தி. "அவ பட்ட பாட்டை நான் ஏன் எனக்கு இடம் கேக்கிறதுக்கு விக்கோணும்?"

"நீரும் அங்க நிண்டனீர்தானே?" என்றேன் நான்.

"நிண்டனான். டோர்ச் பிடிச்சனான். அதுக்கு மேல ஒண்டும் செய்யேல்ல."

அவளை அசைக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் டிப்போவில் இடைவேளையின்போது, அவளுக்குச் சொல்லாமல், தம்பலகாமத்தில் இருக்கிற அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பரமக்கா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். இரவு யானை வந்து வாழையை முறித்துவிட்டுப் போன கதையை முதலில் சொன்னார். நான் விசயத்தைச் சொன்னேன்.

"எழுதட்டும் தம்பி. எனக்கு என்ன வெட்கம்?" என்றார். "எழுதிறதெண்டா முழுக்க எழுதச் சொல்லுங்கோ. அவள் கணக்கில எஸ் எடுத்தது ஏன் எண்டும் எழுதச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"உங்களுக்குச் சொல்லேல்லையா?"

அவள் எனக்குச் சொன்னதெல்லாம், பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இருக்கவில்லை என்பதுதான். அது உண்மை. அந்தக் காலத்தில் அங்கே பல பள்ளிக்கூடங்களில் இருக்கவில்லை. அதற்காகத்தான் டியூஷன்.

"பிள்ளை பிறந்த பிறகு நான் எழும்பேலாமக் கிடந்தனான் தம்பி. காய்ச்சலும் ரத்தப்போக்கும், மாறி மாறி ஆஸ்பத்திரி. பிள்ளையை அவள்தான் வைச்சிருந்தவள். அது அவளுக்குச் சோதினை வருசம். டவுனில டியூஷன், அவள் போகேல்ல. ஒரு நாளும் போகேல்ல. மற்றப் பாடங்களை மடியில பிள்ளையை வைச்சுக்கொண்டு வாசிச்சாள். கணக்கை வாசிக்க ஏலாதே. கையால செய்யோணும். கையில என்ர பிள்ளையெல்லோ இருந்தது."

டிப்போவில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.

"நான் அதை அவளிட்ட ஒரு நாளும் கதைச்சதில்லை," என்றார் பரமக்கா. "அவளும் கதைச்சதில்லை."

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். கோபித்தாள். அக்காவை ஏன் கிளறினீர்கள் என்று கேட்டாள். கோபம் ஆறிய பிறகு, சோற்றை வடித்துக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

"அவவால எண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்ல. நான்தான் பிள்ளையை வைச்சிருக்க விரும்பினனான். டியூஷனுக்குப் போ எண்டு அப்பா சொன்னவர். நான்தான் போகேல்ல."

கடைசியில் அவள் எழுதிய பத்தியை ஆரணி தட்டச்சு செய்தாள். எழுத்துப் பிழை மட்டும் திருத்தினாள். அதில் உழவு இயந்திரமும் இல்லை, சென்றியும் இல்லை. வார்டில் என்ன செய்கிறாள், என்ன படிக்க விரும்புகிறாள் என்று நேராக எழுதியிருந்தாள். கணிதத்தைப் பற்றி நாலே நாலு வரி: நான் கணிதத்தில் பலவீனம். ஊரில் குறைந்த சித்தி. நவம்பரில் எழுதி மூன்று எடுத்தேன். ஜூனில் திரும்ப எழுதுகிறேன்.

எனக்கு அது போதாது என்று பட்டது. ஆனாலும் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சாட்டாக, சாக்குப்போக்காக ஒரு சொல் அதில் இல்லை. நல்ல சாட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது.

6

ஐந்து இடத்துக்குப் போட்டாள். மூன்று இடம் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. கணிதத்தைக் காரணமாக எழுதியிருந்தார்கள். நாலாவது இடத்தில் ஒரு வட்டத்தில் பத்துப் பதினைந்து இளம் பெண்களோடு இருத்திக் கதைக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் கதைத்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதுவும் இல்லை என்று வந்தது.

அன்றைக்கு மட்டும் சுகந்தி கொப்பியைத் திறக்கவில்லை. தலைமுடிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். ஆரணி வந்து அவளுக்குப் பக்கத்தில் கீழே இருந்தாள். "அம்மா, எனக்கும் வைச்சு விடுங்கோ" என்றாள், தமிழில். எண்ணெய் மணத்துக்காக வருடக்கணக்காகத் தலையைக் கொடுக்காத பிள்ளை. நான் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டேன்.

ஐந்தாவது இடத்தில் இரண்டு பெண்கள் கேள்வி கேட்டார்கள். அதற்கு முன் சின்னக் கணிதச் சோதனை ஒன்றும் வைத்தார்கள். சுகந்தி அதை நேரத்துக்குள் முடிக்கவில்லை. செய்தவற்றில் ஒன்று பிழை. அதை அவள் முன்னாலேயே திருத்திக் காட்டினார்கள். பிறகு மூத்தவர் கேட்டாராம்: வேலையில் ஒரு மருந்தின் அளவைக் கணக்கிட்டு உனக்கு நிச்சயமில்லை என்றால் என்ன செய்வாய்?

"என்ன சொன்னீர்?" என்று கேட்டேன். கார் தரிப்பிடத்தில் அவளுக்காகக் காத்து நின்றிருந்தேன்.

"பக்கத்தில நிக்கிற ஆளைக் கேப்பன் எண்டனான். எல்லாருக்கும் முன்னால கேப்பியா எண்டு கேட்டா. எனக்குக் கேக்க வெட்கமில்லை, இந்த நாட்டில நான் இவ்வளவு காலமும் கேட்டுக் கேட்டுத்தான் வாழ்றன் எண்டு சொன்னனான்."

"அதுக்கு அவ?"

"சிரிச்சவ. எழுதினவ. என்ன எழுதினவ எண்டு தெரியாது."

சில வாரங்களில் பதில் வந்தது. இடம் தருகிறோம், ஜூன் பரீட்சையில் நாலு எடுத்தால்.

7

ஜூனில் தாயும் மகளும் ஒரே காலையில் ஒரே வினாத்தாளை எழுதினார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில், மற்றவள் கல்லூரி விளையாட்டு மண்டபத்தில். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சுகந்தி பையிலிருந்து எதையோ எடுக்கப் போனாள்.

"அம்மா, நாங்கள் அதைக் கதைக்க வேண்டாம்," என்றாள் ஆரணி.

"ஓம், வேண்டாம்."

இருவரும் பிட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

ஓகஸ்டில் பெறுபேறு. நான் காலை வேலையில் இருந்தேன். கல்லூரி நிறுத்தத்தில் என் பஸ்ஸை நிறுத்தியபோது வரிசையில் நாலாவதாகச் சுகந்தி நின்றாள். ஓடுகிற சாரதியோடு கதைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அவள் முறைப்படி அட்டையைத் தட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு அங்கால் நின்று, "நாலு" என்றாள். பின்னால் நின்றவருக்கு வழி விட்டு, போய் யன்னலோரம் இருந்தாள். நான் கதவை மூடிப் பஸ்ஸை எடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் நிறுத்த மறந்து, மணி அடித்த பிறகு நிறுத்தி, இறங்க வேண்டியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது சுகந்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு எந்தப் பயணியையும் போல.

ஆரணிக்கு எட்டு. ஒன்பது எதிர்பார்த்தவள். கொஞ்சம் அழுதாள். "இரண்டு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு" என்று தாய் சொன்னதும் நிறுத்தினாள்.

மத்தியானம் பல்கலைக்கழகம் இடத்தை உறுதிப்படுத்தியது. அதன் பிறகுதான் சுகந்தி தம்பலகாமத்துக்கு எடுத்தாள். அங்கே பின்னேரம். பரமக்காவின் முகம் திரையில் பாதிதான் தெரிந்தது, மிச்சப் பாதியில் கூரை.

"மறுமொழி வந்திட்டுது அக்கா. நாலு."

"எத்தினைக்கு?"

"ஒன்பதுக்கு."

பரமக்கா யோசித்தார். "அப்ப அதுவும் எஸ் தானேடி."

"ஓம். இஞ்ச எஸ்ஸுக்கும் உள்ளுக்கு விடுகினம்."

இருவரும் சிரித்தார்கள். என்னவென்று மகன் உள்ளே இருந்து கேட்பது கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். பரமக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தொடங்குது?" என்றார்.

"செப்டெம்பர்."

"அப்ப என்னோட கதைச்சுக்கொண்டு நில்லாத. போய்ப் படி."

சுகந்தி ஓம் என்றாள். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை. நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.